மைனஸ் 30 தாங்கும் வால்நட் காந்தலூரில் ஏன் தழையவில்லை

மலை ஊரில் நிலம் வைத்திருக்கிற யாராவது வால்நட் நடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், கன்றுக்குப் பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. எங்கள் ஊர் காந்தலூர், கேரளாவில் இடுக்கி மாவட்டத்து மலை ஊர். இங்கே ஆப்பிள் தெரிந்தவர்கள் உண்டு, பிளம்ஸ் தெரிந்தவர்கள் உண்டு, பூண்டைப் பற்றிக் கேட்டால் சின்னப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். வால்நட்டைப் பற்றி யாரிடம் கேட்டாலும், "அதெல்லாம் காஷ்மீர்லதானே வரும், இங்கயும் வருமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

எங்களுடையது ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. மேல்பாதி சரிவு, கீழ்ப்பாதி பழைய நெல்வயல் தட்டு. மாமனார் காலத்தில் மேலே கிராண்டிஸ் யூகலிப்டஸ் நின்றது. அதை வெட்டி, கட்டையைத் தோண்டி எடுத்தபிறகு அந்த இடத்தில் என்ன வைப்பது என்று ஒரு வருடம் முடிவெடுக்க முடியாமல் கிடந்தது. வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் டையிங் கம்பெனி வேலை, நிலம் முழுக்க என் பொறுப்பு. பிளம்ஸ் வைத்தவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். பழுத்தால் நாலைந்து நாளில் விற்றாக வேண்டும், அந்த வாரம் பார்த்து மழை பிடித்து டூரிஸ்ட் வரவில்லை என்றால் மரத்தடியிலேயே அழுகும். வால்நட் ஓட்டோடு மாதக்கணக்கில் சாக்கில் கிடக்கும். உடுமலைக் கடைகளில் பருப்பு கிலோ 1,000 ரூபாய்க்கு மேல். குளிர் ஊர், குளிர் மரம். இந்தக் கணக்கு இன்றைக்கும் எனக்குக் கோணலாகத் தெரியவில்லை. அதில் சேர்க்க வேண்டிய ஒரு எண்ணை மட்டும் எவரும் சொல்லவில்லை.

செல்லில் வந்த வீடியோவைப் பார்த்து ஒரு நர்சரிக்குப் போன் செய்தேன். பேசியவர் மளமளவென்று பேசினார். "அக்கா, இது கார்பேத்தியன் ரகம். கனடாவிலேயே நிக்குது. மைனஸ் 30 டிகிரி தாங்கும். உங்க ஊர்க் குளிரெல்லாம் இதுக்கு ஜுஜுபி." எனக்கு இருந்த ஒரே பயத்தைக் கேட்டேன்: "தம்பி, மூணாறுப் பக்கம் ஜனவரியில உறைபனி விழும், எங்க பக்கமும் சில வருஷம் வரும். கருகிடாதே?" "கருகாதுக்கா, கேரண்டி. எல்லாம் ஒட்டுக் கன்று, நாலாம் வருஷம் காய்." கன்று 850 ரூபாய், 60 கன்று. குடும்பஸ்ரீ என்கிற மகளிர் குழு லோனில் பாதி, சீட்டுப் பணத்தில் மீதி. சீட்டை எடுத்ததை வீட்டுக்காரரிடம் அப்போது சொல்லவில்லை. அதை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்ததுதான் பிற்பாடு பணம் போனதைவிடப் பெரிய உபத்திரவமாக இருந்தது.

ஜனவரியில் பார்சல் உடுமலைக்கு வந்தது. மண் இல்லாமல், வேரைப் பாசியிலும் சாக்கிலும் சுற்றி அனுப்பியிருந்தார்கள். இலையில்லாமல் உறங்குகிற கன்றை இப்படி அனுப்புவது வடக்கே வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் வால்நட்டுக்கு நேராகக் கீழே இறங்கும் ஆணிவேர் ஒன்று உண்டு. தோண்டும்போது அதைப் பாதியில் வெட்டியிருந்தால் கன்று எழுந்து நிற்கவே ஒரு வருடம் போகும். வந்தவற்றில் பலவற்றுக்கு ஒரு சாண்கூட வேர் இல்லை. பார்சலைப் பிரித்த இடத்திலேயே, அதைக் கொண்டுவந்த ஆள் கிளம்புவதற்கு முன்னால், நாலைந்து கன்றின் வேர் நுனியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. கறுத்துப் பிசுபிசுத்தால் காசு போயிற்று.

இன்னும் இரண்டு சோதனை அங்கேயே செய்யலாம். முதலாவது, ஒட்டுத் தழும்பு. ஒட்டுக் கன்று என்றால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தண்டு லேசாக வளைந்து, மேலும் கீழும் பட்டையின் நிறம் மாறித் தெரியும். எனக்கு வந்ததில் முக்கால்வாசிக்குத் தழும்பே கிடையாது, விதைக் கன்றுகள். வால்நட்டை ஒட்டுவது மற்றப் பழமரம் மாதிரி இல்லை. வெட்டிய இடத்தில் சாறு வடிந்து ஒட்டைக் கெடுக்கும், ஒட்டு கூடுவதற்கு 26, 27 டிகிரி வெதுவெதுப்பு சில வாரம் விடாமல் வேண்டும். அதனால்தான் உண்மையான ஒட்டுக் கன்று விலை அதிகம், அதனால்தான் விதைக் கன்றை ஒட்டு என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். ஒட்டுக் கன்று நாலைந்து வருடத்தில் காய்க்கத் தொடங்கும், விதைக் கன்று 8 வருடத்திலிருந்து 15 வருடம்வரை இழுக்கும், காயும் தாய்மரத்தைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. காஷ்மீரில் நிற்கும் பழைய மரங்களில் பெரும்பாலானவை விதையில் வந்தவைதான். அங்கே தாத்தா நட்டதைப் பேரன் உலுக்குகிறான். குடும்பஸ்ரீ லோன் பேரன்வரை காத்திருக்காது.

இரண்டாவது சோதனை, ஒரு சுள்ளியை நீளவாக்கில் பிளந்து பார்ப்பது. வால்நட் தண்டின் நடுச்சோறு திண்ணென்று இருக்காது. குறுக்கே மெல்லிய தட்டுத் தட்டாக, இடையில் காற்றறைகளோடு, மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காகத் தெரியும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. எனக்கு வந்ததில் ஐந்தாறு கன்றில் இந்த அறைகள் இல்லை. மாசம் போய் இலை விட்டபோது அது வேறு ஏதோ மரம் என்று தெளிவாயிற்று. வால்நட் இலை ஒரே காம்பில் ஐந்து முதல் ஒன்பது சிற்றிலையாக வரும், கசக்கினால் எலுமிச்சையும் வார்னிஷும் கலந்த வாடை. இவை ஒற்றை இலையாக, அகலமாக வந்தன. போன் செய்து கேட்டேன். "மாத்தி அனுப்புறேன்கா" என்றார். அதற்கப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

நட்ட கதை சுருக்கம். கீழ்த்தட்டில் நட்டது எல்லாம் முதல் ஐப்பசித் துலாமழையிலேயே போயிற்று. நெல்வயலாக இருந்த நிலத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே உழுது உழுது இறுகிய ஒரு அடுக்கு இருக்கும், தண்ணீர் கீழே இறங்காது. வால்நட் வேர் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். பழைய நெல்தட்டில் எந்த மரம் வைப்பதாக இருந்தாலும் முதலில் கடப்பாரையால் இரண்டடி ஆழம் தோண்டி ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே மரம் வேண்டாம், பூண்டு போடுங்கள். நம் மலை மண் புளிப்பு அதிகம். வால்நட் 6-க்கு மேல் 7.5 வரை கார அமில அளவு உள்ள மண்ணைக் கேட்கிறது. மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்லும் அளவில் சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டபிறகுதான் குழி எடுக்க வேண்டும். காட்டுப்பன்றி வந்து, சாணி உரத்தில் மண்புழு தேடிக் கன்றைப் பெயர்த்துப் போடும். யானையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிக் கதை.

மேல்சரிவில் நட்டவை முதல் மார்ச்சில் ஜோராகத் தழைத்தன. செம்பு நிறத்தில் கொழுந்து விட்டு, ஒரே வாரத்தில் எல்லாக் கன்றும் பச்சையாயிற்று. பார்க்க வந்தவர்கள் எல்லாம் எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று அடுத்த வருடத்துக்குச் சொல்லி வைத்தார்கள். இரண்டாம் மார்ச்சில் கொஞ்சம் தாமதம், ஏப்ரல் கடைசிக்குத்தான் இலை வந்தது. மழை குறைவு, அதனால் இருக்கும் என்று அண்டையில் சொன்னார்கள். மூன்றாம் வருடம் மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று. மே மாதத்தில் ஒரு நாள் ஒரு கிளையைப் பிடித்து உட்கார்ந்து பார்த்தேன். நுனியில் ஒரே ஒரு மொட்டு அவிழ்ந்து, உள்ளங்கை அளவுக்கு நாலு சிற்றிலை. அதற்குக் கீழே கை நீளத்துக்கு வெறும் குச்சி. குச்சியில் வரிசையாக மொட்டுகள், ஒவ்வொன்றும் கறுத்து, கெட்டியாக, விரல் பட்டாலே சில உதிர்ந்தன. பட்டையைக் கீறினால் உள்ளே நல்ல பச்சை. நோய் இல்லை, வேர் அழுகவில்லை, தண்ணீர் பற்றாக்குறை இல்லை. உயிரோடு இருந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது மரம். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. செத்திருந்தால்கூட அழுது முடித்திருப்பேன்.

பக்கத்தில் ஆப்பிள் வைத்திருக்கும் ஒரு மாஷ் இருக்கிறார், கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து தங்கிய ரிட்டயர்ட் வாத்தியார். அவர் வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "மோளே, ராத்திரி தணுப்பு எத்தனை டிகிரின்னு எல்லாரும் சொல்லும். எத்தனை மணிக்கூர் நிக்குதுன்னு நோக்கியோ?" நான் முழித்தேன். எத்தனை டிகிரி என்பது எனக்குத் தெரியும், எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்டதே இல்லை.

விஷயம் இதுதான். ஆப்பிள், பீச், வால்நட் போன்ற மரங்கள் குளிர்காலத்தில் உறக்கத்துக்குப் போகும். எழுந்திருப்பதற்கு அவற்றுக்கு வெயில் மட்டும் போதாது. சுமார் 0-வுக்கும் 7 டிகிரிக்கும் இடைப்பட்ட குளிர் இத்தனை மணி நேரம் என்று சேர வேண்டும். வால்நட்டில் பெரும்பாலான ரகங்கள் 700-லிருந்து 1,000 மணி நேரத்துக்கு மேல்வரை கேட்கின்றன. காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி 40 நாளைச் சில்லை கலான் என்று கடுங்குளிர்க் காலமாகச் சொல்வார்கள். ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே, பகலிலும் பெரிதாக ஏறாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள குளிரையும் சேர்த்தால் மரத்துக்கு வேண்டியது தாராளமாகக் கிடைத்துவிடும். நமக்கோ விடியற்காலையில் பல் கிட்டிக்கும், பத்து மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றுவோம், மத்தியானம் 22 டிகிரி. இந்தப் பகல் சூடு குளிர்க் கணக்கில் பூஜ்யம் என்று விட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை, ராத்திரி சேர்ந்ததிலேயே ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து படுத்தவரை அரை மணிக்கொருதரம் எழுப்பினால் அவர் எழுந்து வேலைக்குப் போகிற மாதிரி இருப்பாரா? அந்த நிலைதான் மரத்துக்கு.

முதல் வருடம் ஏன் அப்படித் தழைத்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. கன்று ஜனவரியில் அல்லவா வந்தது! நவம்பர், டிசம்பர்க் குளிரை வடக்கே தின்றுவிட்டுத்தான் வண்டி ஏறியிருக்கிறது. அந்த மார்ச்சில் நான் பார்த்த பச்சைக்கும் காந்தலூருக்கும் சம்பந்தம் இல்லை. வடக்கிலிருந்து எந்தக் கன்று வந்தாலும் முதல் வருடத் தழைப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அடுத்தவருக்குச் சிபாரிசும் செய்யாதீர்கள்.

2,000 ரூபாய் சொச்சத்துக்கு ஒரு டேட்டா லாகர் வாங்கினேன். விரல் நீளப் பெட்டி, அரை மணிக்கொருமுறை வெப்பநிலையைத் தானே பதிந்துகொள்ளும், கம்ப்யூட்டரில் செருகினால் பட்டியலாக வரும். இதை மரம் நிற்கும் இடத்திலேயே, ஆள் உயரத்தில், வெயில் படாமல் கட்ட வேண்டும். தகரக் கூரையின் கீழே, சுவர் ஓரத்தில் கட்டினால் பொய் சொல்லும். டிசம்பர் தொடங்கி பிப்ரவரி முடிய விட்டேன். ராத்திரி ஒன்று, இரண்டு மணிக்கு மேல் 7-க்குக் கீழே இறங்கி, வெயில் விழுந்ததும் ஏறிவிடுகிறது. அதுவும் எல்லா நாளும் இல்லை. மொத்தம் கூட்டினால் 200 மணி நேரத்தைத் தொடவில்லை. நான் பயந்த உறைபனி விழுந்த விடியல்களும் இந்தக் கணக்கில் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. நம் வயலின் எண் 200, வால்நட்டின் எண் 700. நர்சரியில் யாரும் சொல்லாத அந்த எண் இதுதான்.

திருப்பூரில் வீட்டுக்காரரோடு வேலை செய்தவரின் தம்பி டொரன்டோவில் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் கார்பேத்தியன் மரம் ஒன்று நிற்கிறது, பனியில் கிளையெல்லாம் வெள்ளையாகப் போட்டோ அனுப்பினார். அதிலிருந்துதான் இந்த ரகத்தின் கதையைத் தேடிப் படித்தேன். கார்பேத்தியன் என்பது போலந்து, உக்ரைன் பக்கத்து மலைத்தொடர். அங்கே கடுங்குளிரில் பிழைத்து நின்ற மரங்களின் விதைகளை பால் கிராத் என்ற பாதிரியார் கனடாவுக்குக் கொண்டுபோனார், 1930-களில் அது பெரிய அளவில் பரவியது. போட்ட விதையில் குளிருக்குச் செத்தது போக, நின்றதிலிருந்து நல்லதைப் பொறுக்கி ஒட்டுக் கட்டினார்கள். கனடா மாதிரிக் குளிர் நாட்டில் ஒருவர் மரம் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் பார்க்கிறார்: இலையுதிர் காலத்தில் இளங்கிளை சீக்கிரம் முற்றிவிட வேண்டும், குறுகிய கோடைக்குள் பருப்பு நிறைய வேண்டும், எல்லாவற்றையும்விட, வசந்தத்தில் அவசரப்பட்டு இலை விடக் கூடாது. உறக்கத்தில் மைனஸ் 30 தாங்குகிற மரத்தின் கொழுந்து, விரிந்தபிறகு மைனஸ் 2-க்கே கருகிவிடும். பிரான்சின் பழைய ரகமான ஃபிராங்கெட்டுக்கு இதனால்தான் மதிப்பு, கலிபோர்னியாவின் பெயின் ரகம் தழைத்துப் பல வாரம் கழித்துத்தான் அது கண் திறக்கும். தாமதமாகக் கண் திறக்கிற மரம் என்றால், குளிரும் அதற்குப் பிறகு வெதுவெதுப்பும் அதிக நேரம் சேர்ந்தால்தான் மொட்டு அவிழும் என்று அர்த்தம். ஆக, அங்கே எது சிறப்பு என்று பொறுக்கி எடுத்தார்களோ அதுவே எனக்கு எதிரி. நர்சரித் தம்பி "மைனஸ் 30 தாங்கும்" என்றது சத்தியமான வார்த்தை. குளிரைத் தாங்குமா என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொன்னார். குளிரை எவ்வளவு கேட்கும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

எழுப்பிப் பார்க்கலாமே என்று சில வேலையும் செய்தேன். இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் பட்டு என்ற மலை ஊரில் ஆப்பிள் மரத்து இலையைக் கையால் உருவிவிட்டு, மரத்தை உறங்கவே விடாமல் வருடத்துக்கு இருமுறை காய்க்க வைக்கிறார்கள். அதையே அக்டோபரில் சில மரங்களில் செய்தேன். நுனி மொட்டு அசைந்தது, மற்றது அசையவில்லை. திராட்சைத் தோட்டங்களில் தடவும் ஹைட்ரஜன் சயனமைடு மருந்தைச் சிலர் சொன்னார்கள். அது தோலில் பட்டால் ஆகாது, அடித்த நாளை ஒட்டி மது குடித்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக நேரும். கூலிக்கு வருகிறவரை நம்பி அதை என் நிலத்தில் விடுவதாக இல்லை. இலையில்லாத தண்டில் ஏப்ரல் வெயில் நேராக விழுந்து மேற்குப் பக்கத்துப் பட்டை வெடித்ததற்கு மட்டும் ஒரு வைத்தியம் பலித்தது: சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்து அடி முதல் இரண்டடிக்குப் பூசியது. இதை நட்ட அன்றே செய்துவிடுங்கள்.

மொத்தத்தில் கன்று, வண்டி, குழிக் கூலி, சோலார் வேலி எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய்க்கு மேல். அந்தச் சரிவில் மூன்று வருடம் பூண்டு போட்டிருந்தால் வந்திருக்கும் பணத்தை நான் கணக்குப் போடவே இல்லை, போட மனசு வரவில்லை. வேலி மட்டும் இப்போதும் உபயோகம். சீட்டுப் பணத்தைப் பற்றி ஒரு பொங்கலுக்கு வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தால், "அப்போ அடுத்த சீட்டு என் பேர்ல போடு" என்றார். கடைத்தெருவில் "வால்நட் எப்போ தருவ?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதுதான் அதிக நாள் பிடித்தது.

இன்றைக்கு நிற்பவை பத்துக்கும் குறைவு, நிழலுக்கு விட்டிருக்கிறேன். பூத்தாலும் எனக்குப் பெரிய ஆசை இல்லை. வால்நட்டில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் இருந்தாலும் பெரும்பாலும் வெவ்வேறு நாளில் விரியும், இரண்டு ரகமாவது சேர்ந்து நிற்க வேண்டும். எழும் நாளே தாறுமாறாக இருக்கிற ஊரில் அந்த நாட்கள் பொருந்துவது அதிர்ஷ்டம். குறைந்த குளிர் கேட்கும் வால்நட் உலகத்தில் இல்லாமல் இல்லை, தெற்குக் கலிபோர்னியாக் கடலோரத்தில் வளர்ந்த பிளாசென்ஷியா அப்படிப்பட்டது. நான் தேடியவரை எங்கும் கிடைக்கவில்லை. ஆப்பிளில் அந்த வேலை முடிந்துவிட்டது: இஸ்ரேலில் உருவான அன்னா, இமாச்சல் பிலாஸ்பூரில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி கண்டெடுத்த எச்.ஆர்.எம்.என்.-99 இரண்டும் குறைந்த குளிரிலேயே எழும். மேல்சரிவில் இப்போது அன்னாவும் பட்டர் ஃப்ரூட்டும் கலந்து வைத்திருக்கிறேன். உங்கள் சொந்தக்காரர் யாராவது காஷ்மீர், இமாச்சல் பக்கம் நிலம் வாங்கி வால்நட் வைப்பதாக இருந்தால் அவர்கள் கதை வேறு. ஸ்ரீநகரில் உள்ள மத்திய மிதவெப்பத் தோட்டக்கலை நிறுவனம் தேர்ந்தெடுத்த ரகங்களே வரிசையாக இருக்கின்றன, அங்கிருந்து தொடங்கலாம்.

கடைசியாக, பில். எனக்கு வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு கையெழுத்துச் சீட்டு, ரகத்தின் பெயர்கூட அதில் இல்லை. ரகப் பெயர், ஒட்டா விதையா, எத்தனை கன்று என்று எழுதிய பில்லை வாங்கி, பார்சல் பிரித்த அன்றே வேரையும் தழும்பையும் போட்டோ எடுத்து வையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. ஆனால் பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால்தான் அதற்குமேல் ஏற்பார்கள். வால்நட் தன் குணத்தைக் காட்டவே மூன்றாம் வருடம் ஆகிறது. ஆகவே முதல் வாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற குறையை, அதாவது ஒட்டு இல்லாததை, வேர் இல்லாததை, வேறு மரம் வந்ததை, அப்போதே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

டேட்டா லாகர் இப்போது வட்டவடையில் பேரி வைக்க யோசிக்கிற ஒரு அண்ணன் வயலில் தொங்குகிறது. மார்ச்சில் திரும்பி வரும். அடுத்த டிசம்பருக்கு வேண்டும் என்றால் தீபாவளிக்கு முன்னால் சொல்லுங்கள், பேட்டரி மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும்.